வற்றும் எண்ணெய்க் கிணறுகளுக்கு பாக்டீரியா வைத்தியம்: பாறைக்குள் சிக்கிய எண்ணெயை நுண்ணுயிரிகள் எப்படி வெளியே தள்ளுகின்றன?

குஜராத்தின் மெஹ்சானா பக்கம் போனால், வயல்களுக்கு நடுவே தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நிற்கும் இரும்பு பம்புகளைப் பார்க்கலாம். இரவு பகல் பாராமல் ஆடும் இந்த மாதிரி பம்புகள், வயதான எண்ணெய் வயல்களில் மேலே கொண்டுவருவது பெரும்பாலும் எண்ணெய் இல்லை. உப்புத் தண்ணீர்.

100 லிட்டர் திரவம் மேலே வந்தால் அதில் 80, 90 லிட்டர் தண்ணீராகவே இருப்பது பழைய கிணறுகளில் சகஜம். அந்தத் தண்ணீரைப் பிரிக்கணும், சுத்தம் செய்யணும், திரும்பவும் பூமிக்குள் அனுப்பணும். எல்லாத்துக்கும் செலவு. ஒரு கட்டத்தில் கிடைக்கும் எண்ணெயின் விலையைவிட பம்பை ஓட்டும் செலவு அதிகமாகிவிடும். அன்றைக்கு கிணற்றை மூடிவிடுவார்கள்.

அப்படின்னா எண்ணெய் தீர்ந்துவிட்டதா? அதுதான் இல்லை. உலகம் முழுவதும் சராசரியாகப் பார்த்தால், ஒரு எண்ணெய் வயலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் வழக்கமான முறைகளில் வெளியே வருகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த மீதியில் கொஞ்சத்தையாவது எடுக்க பாக்டீரியாக்களை வேலைக்கு அனுப்பும் முறைதான் 'நுண்ணுயிர் வழி எண்ணெய் மீட்பு'. எண்ணெய்த் துறையில் இதை 'எம்.ஈ.ஓ.ஆர்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். 2011-12 நிதியாண்டில் நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி சுமார் 3.8 கோடி டன். 2023-24-ல் அது சுமார் 2.9 கோடி டன்னாகக் குறைந்துவிட்டது. தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. பயன்படுத்தும் எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதிதான்.

எண்ணெய் ஏன் கீழேயே தங்கிவிடுகிறது?

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்கிறது, குழாய் போட்டு உறிஞ்சினால் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது பாறை. செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் இல்லையா, அதேபோல மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது.

கிணறு தோண்டியதும் பூமிக்குள் இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். அழுத்தம் குறைந்ததும், பக்கத்துக் கிணறுகள் வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுவார்கள். இதுவரைக்கும் எல்லா வயல்களிலும் நடப்பதுதான்.

சிக்கல் அதற்குப் பிறகு. தண்ணீருக்கு சுலபமான பாதை பிடிக்கும். ஓரிடத்தில் வாய்க்கால் கரை உடைந்துவிட்டால் மொத்தத் தண்ணீரும் அந்த உடைப்பு வழியாகவே ஓடிவிடும், கடைமடைக்குப் போய்ச் சேராது. பாறைக்குள்ளும் அப்படித்தான். பெரிய துளைகள் உள்ள அடுக்கு வழியாக தண்ணீர் விறுவிறுவென ஓடி, நேராக உற்பத்திக் கிணற்றுக்கே வந்துவிடுகிறது. சிறிய துளைகளில் இருக்கும் எண்ணெயை அது தொடுவதே இல்லை.

தண்ணீர் போன பாதையிலும் எண்ணெய் முழுசாக வருவதில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்ததுதானே? குறுகலான துளையின் வாயில் ஒரு எண்ணெய்த் துளி அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து தண்ணீர் எவ்வளவு தள்ளினாலும், அந்தத் துளி உருமாறி நெளிந்து வெளியே வராது. இப்படிச் சிக்கிய கோடிக்கணக்கான துளிகள்தான் 'மீதி எண்ணெய்'.

பாக்டீரியா உள்ளே போய் என்ன செய்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடலில் எண்ணெய் கொட்டினால் அதைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியா பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளிகளில் அள்ளிய கசடை நுண்ணுயிரிகளைக் கொண்டே மக்கச் செய்தார்கள். அங்கே வேலை, எண்ணெயை ஒழிப்பது. இங்கே வேலை நேர் எதிர். எண்ணெயைத் தின்றே தீர்த்துவிட்டால் கிணற்றுக்காரருக்கு என்ன லாபம்? இங்கே தேவைப்படுவது பாக்டீரியாவின் பசி அல்ல. அது சாப்பிட்டுவிட்டு வெளியே விடும் பொருட்கள்தான்.

அதில் முதலிடம் 'உயிரிச் சோப்பு' என்று சொல்லத்தக்க பொருட்களுக்கு. பிரியாணி சமைத்த பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகாது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் உடனே விட்டுவிடும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா 'சர்ஃபாக்டின்' என்ற பொருளைச் சுரக்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை, மீட்டருக்கு இத்தனை மில்லிநியூட்டன் என்ற கணக்கில் சுமார் 72. சர்ஃபாக்டின் மிகச் சிறிதளவு சேர்த்தாலே அது 27 வரை இறங்கிவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இழுவிசையும் இதேபோல குறைவதால், துளையின் வாயில் அடைத்து நின்ற துளி நெளிந்து, நீண்டு, நழுவி வெளியே வர வழி கிடைக்கிறது.

இரண்டாவது, வாயு. இட்லி மாவு இரவில் பொங்குவதற்குக் காரணம் மாவுக்குள் நுண்ணுயிரிகள் விடும் கார்பன் டை ஆக்சைடு. சர்க்கரைப்பாகு கிடைத்தால் கிணற்றுக்குள்ளும் இதேபோல நொதித்தல் நடக்கும். வெளிவரும் வாயு பாறையின் அந்தப் பகுதியில் கொஞ்சம் அழுத்தத்தைக் கூட்டும். ஒரு பகுதி எண்ணெயிலேயே கரைந்து, கெட்டியான எண்ணெயை இளக்கும்.

மாவு புளிப்பதற்கும் அதே நொதித்தல்தான் காரணம். அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அடைபட்ட துளைகளைப் பெரிதாக்கும். சில வகை பாக்டீரியாக்கள் அசிட்டோன், பியூட்டனால் போன்ற கரைப்பான்களையும் தயாரிக்கும்.

மூன்றாவது வேலை கொஞ்சம் வேடிக்கையானது: அடைப்பது. எண்ணெய் வரணும் என்றால் துளைகளைத் திறக்கத்தானே வேண்டும், ஏன் அடைக்கணும்? மேலே சொன்ன வாய்க்கால் உடைப்புதான் பதில். தண்ணீர் வீணாக ஓடும் பெரிய துளைகளில் பாக்டீரியா கூட்டமாகப் படிந்து, வழவழப்பான பசையைச் சுரந்தால் அந்தப் பாதை அடைபடும். உடைப்பை மண் மூட்டை போட்டு அடைத்த மாதிரி. பிறகு தண்ணீருக்கு வேறு வழியில்லை, எண்ணெய் இருக்கும் சிறு துளைகளுக்குள் போயே ஆகணும். சாஸ், ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெட்டியாக்கப் பயன்படும் 'சாந்தன் கம்' கூட ஒரு பாக்டீரியா சுரக்கும் பசைதான். பல நிபுணர்கள் இந்த அடைப்பு வேலையைத்தான் நம்பகமான வழிகளில் ஒன்றாகப் பார்க்கிறார்கள். காரணம் எளிது: தண்ணீர் அதிகமாக ஓடும் இடத்தில்தான் பாக்டீரியாவுக்கு தீனியும் அதிகம் போகும். எந்த இடத்தை அடைக்கணுமோ அங்கேயே அது தானாக வளர்கிறது.

நான்காவது, மெழுகு. இந்திய கச்சா எண்ணெயில் பல வகைகளில் பாரஃபின் மெழுகு அதிகம். எண்ணெய் மேலே வரவர வெப்பம் குறைந்து, தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது போல, குழாயின் உட்சுவரில் மெழுகு படியும். இதைச் சுரண்டி எடுப்பது, சூடான எண்ணெய் ஊற்றிக் கரைப்பது எல்லாம் அடிக்கடி செய்யவேண்டிய வேலை. மெழுகைச் சிதைக்கும் பாக்டீரியாவைக் குழாயில் விட்டால், அந்தச் சுரண்டும் வேலைக்கான இடைவெளி நீள்கிறது. கவர்ச்சியில்லாத பயன்பாடுதான். ஆனால் பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிவது இதில்தான்.

கிணற்றுக்குள் எப்படி அனுப்புகிறார்கள்?

மூன்று விதமாகச் செய்யலாம். ஒன்று, ஊசி போடுவது மாதிரி. உற்பத்தி செய்யும் கிணற்றுக்குள்ளேயே பாக்டீரியா கலவையையும், மொலாசஸ் எனப்படும் கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகு, நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள் அடங்கிய தீனியையும் செலுத்துவார்கள். பிறகு கிணற்றை மூடிவிட்டு சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை சும்மா விடுவார்கள். உள்ளே நுண்ணுயிரிகள் பெருகி வேலையை முடித்ததும் திரும்பத் திறந்து பம்ப் செய்வார்கள். கிணற்றைச் சுற்றியுள்ள சில மீட்டர்களுக்குத்தான் இதன் பலன். சில மாதங்களில் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தண்ணீர் செலுத்தும் கிணறு வழியாகவே பாக்டீரியாவை அனுப்பி, வயல் முழுக்கப் பரவ விடுவது.

மூன்றாவது முறையில் வெளியிலிருந்து பாக்டீரியாவே போவதில்லை. பூமிக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்குச் சாப்பாடு மட்டும் போகும். கீழே எண்ணெய் வடிவில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது, நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் பற்றாக்குறை. பயிருக்கு யூரியாவும் டி.ஏ.பி-யும் போடுவது போல அந்த உப்புகளைக் கொடுத்தால் உள்ளூர்ப் பாக்டீரியாவே பெருகும். புதிதாக வந்த பாக்டீரியா அந்தச் சூட்டிலும் உப்பிலும் பிழைக்குமா என்ற கவலை இதில் இல்லை. ஆனால் யார் வளரப்போகிறார்கள் என்பது நம் கையிலும் இல்லை. அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

இது புதுசா?

கிட்டத்தட்ட 100 வயதான யோசனை இது. பாக்டீரியாவைக் கொண்டு எண்ணெய் எடுக்கலாம் என்று 1926-லேயே பெக்மேன் என்பவர் எழுதினார். அதே ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட்சன் பாஸ்டின், எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரில் உயிருள்ள பாக்டீரியா இருப்பதைக் காட்டினார். 1940-களில் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த கிளாட் ஸோபெல், பாறைத் துகளில் ஒட்டிய எண்ணெயை பாக்டீரியா பிரித்தெடுப்பதை ஆய்வகத்தில் செய்து பார்த்து, காப்புரிமையும் வாங்கினார்.

1954-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாகாணத்தில் லிஸ்பன் என்ற வயலில் முதல் பெரிய களச் சோதனை நடந்தது. கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாவுடன் சர்க்கரைப்பாகும் உள்ளே போனது. அதன்பிறகு போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, சோவியத் யூனியன் என்று பல நாடுகளில் முயற்சிகள் நடந்தன.

இந்த வரலாற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் பாக்டீரியா மீது திடீர் பாசம் வந்தது. 1986-ல் விலை சரிந்ததும் அது காணாமல் போனது. விலை ஏறினால் ஆராய்ச்சி, இறங்கினால் மறதி. ஒரு தொழில்நுட்பம் 100 ஆண்டுகளாக 'வளர்ந்துவரும் தொழில்நுட்பம்' என்றே அழைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருந்தாலும் சில சோதனைகள் கவனமாகவே நடந்தன. அலபாமாவின் நார்த் புளோஹார்ன் கிரீக் வயலில் 1990-களில், அமெரிக்க எரிசக்தித் துறை உதவியுடன், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மூன்றாவது முறையைச் செய்து பார்த்தார்கள். செலுத்தும் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் உப்புகளைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். தீனி போகாத பகுதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டு வைத்தார்கள். மூடும் நிலையில் இருந்த அந்த வயலின் பொருளாதார ஆயுள் 5 ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்று கணக்கிடப்பட்டது.

ஓக்லஹோமா பல்கலைக்கழகக் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அந்த மாகாணத்தின் பீபி வயலில் சுண்ணாம்புப் பாறைக்குள் பேசில்லஸ் பாக்டீரியாவைச் செலுத்தி, சில நாட்கள் கழித்து வெளிவந்த தண்ணீரைப் பரிசோதித்தார்கள். லிட்டருக்கு சராசரியாக 90 மில்லிகிராம் உயிரிச் சோப்பு இருந்தது. எண்ணெயை நகர்த்த ஆய்வகத்தில் தேவைப்பட்ட குறைந்தபட்ச அளவைப்போல இது 9 மடங்கு. 'பூமிக்குள் போனதும் பாக்டீரியா செத்துத்தான் போகும்' என்று சொல்லிவந்தவர்களுக்கு நல்ல பதில் அது.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

இங்கே முக்கியமாக இரண்டு பெயர்கள். ஒன்று, ஓ.என்.ஜி.சி. இன்னொன்று டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட 'டெரி' ஆய்வு நிறுவனம். அகமதாபாத்தில் உள்ள ஓ.என்.ஜி.சி-யின் இன்ஸ்டிடியூட் ஆஃப் ரிசர்வாயர் ஸ்டடீஸ் மையமும் டெரியும் சேர்ந்து, 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், காற்றே இல்லாத இடத்திலும், பெரும் அழுத்தத்திலும் பிழைக்கும் பாக்டீரியாக் கூட்டணியை உருவாக்கின. புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனமும் இந்தத் துறையில் ஓ.என்.ஜி.சி-யோடு வேலை செய்திருக்கிறது.

90 டிகிரி என்பது ஏன் பெரிய விஷயம்? ஏறக்குறைய கொதிக்கும் தண்ணீர் அது. நாம் பாலைக் காய்ச்சுவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான். அந்தச் சூட்டில் செத்துப்போகாதது மட்டும் போதாது, சாப்பிட்டு, பெருகி, வேலையும் செய்யணும். இப்படிப்பட்ட வெப்பம் தாங்கும் உயிரிகளை எங்கோ தேட வேண்டியதில்லை. சூடான எண்ணெய்க் கிணறுகளின் தண்ணீரிலேயே அவை கிடைக்கின்றன.

2007-ல் இரு தரப்பும் சேர்ந்து 'ஓ.என்.ஜி.சி டெரி பயோடெக்' என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. எண்ணெய் மீட்பு, குழாய் மெழுகு அகற்றுதல் இரண்டையும் இது செய்கிறது. எண்ணெய்க் கசடு படிந்த மண்ணைச் சுத்தம் செய்யும் 'ஆயில்ஜாப்பர்' என்ற பாக்டீரியாக் கலவையும் இவர்களுடையதுதான். குஜராத்தின் மெஹ்சானா, அகமதாபாத் பகுதிகளின் தரை வயல்கள்தான் எண்ணெய் மீட்பு வேலைக்கான முக்கியக் களம்.

ஆனால் அளவை மிகைப்படுத்த வேண்டாம். நாட்டின் பெரிய மீட்புத் திட்டங்கள் இன்றும் வேறு வழிகளில்தான் நடக்கின்றன. ராஜஸ்தானின் மங்களா வயலில் தண்ணீரோடு பாலிமரைக் கலந்து செலுத்துகிறார்கள். மெஹ்சானாவின் பாலோல், சந்தால் வயல்களில் காற்றைச் செலுத்தி பாறைக்குள்ளேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்கி எடுக்கிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் பாக்டீரியா முறை சின்ன கைவைத்தியம் மாதிரி. செலவு குறைவு, புதிய இயந்திரங்கள் அதிகம் வேண்டாம், தனித்தனி கிணறாகச் செய்யலாம். இப்படிப்பட்ட மீட்பு முறைகளுக்கு வரிச் சலுகை தரும் கொள்கையை மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது.

எல்லா கிணற்றுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. மிக ஆழமான, வெப்பம் 90 டிகிரியைத் தாண்டும் பாறைகளில் கஷ்டம். கடல் தண்ணீரைப் போல பல மடங்கு உப்பு இருந்தாலும் கஷ்டம். பாறைத் துளைகள் மிகச் சிறியதாக இருந்தால் பாக்டீரியாவால் உள்ளே போகவே முடியாது. ஒரு பாக்டீரியாவின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், நெருக்கமான பாறைகளில் துளை அதைவிடக் குறுகல். நுழைவாயிலிலேயே கூட்டமாகத் தேங்கி கிணற்றையே அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

அழுகிய முட்டை வாடை: மறக்கக்கூடாத ஆபத்து

உள்ளே இருக்கும் எல்லா பாக்டீரியாவும் நமக்கு வேலைக்காரர்கள் இல்லை. சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடும் ஒரு கூட்டமும் அங்கே குடியிருக்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை வீசும் இந்த வாயு, அளவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை வரவில்லையே என்று நினைக்கும் தொழிலாளி சில நிமிடங்களில் மயங்கி விழுந்து இறக்க நேரிடும். இரும்புக் குழாய்களையும் இது அரித்துத் தின்றுவிடும்.

'உள்ளூர்ப் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவோம்' என்ற முறையில் உள்ள பெரிய கவலை இதுதான். தீனி யாருக்குப் போய்ச் சேரும் என்று பார்க்காமல் கொட்டினால், இந்தக் கூட்டமும் சேர்ந்தே கொழுக்கும்.

இதற்கு மருந்தும் நுண்ணுயிரியல்தான். தண்ணீரில் நைட்ரேட் சேர்த்தால், நைட்ரேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா முந்திக்கொண்டு வளர்ந்து, சல்பேட் கூட்டத்துக்கு வேண்டிய உணவைக் காலி செய்துவிடும். நார்வேயின் கடல் வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடைக் குறைக்கவே நைட்ரேட் செலுத்துகிறார்கள். அலபாமா சோதனையில் நைட்ரேட் உப்பைத் தேர்ந்தெடுத்ததிலும் இந்த வசதி இருந்தது. எந்த வயலிலும் இந்த முறையைத் தொடங்கும் முன், அந்தத் தண்ணீரில் யார் யார் இருக்கிறார்கள், சல்பேட் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதிக்காமல் இறங்குவது, தொழிலாளர்களின் உயிரோடு விளையாடுவது.

சரி, உண்மையிலேயே எண்ணெய் கூடுதலாக வருகிறதா?

இந்தக் கேள்விக்கு விளம்பரத்தில் ஒரு பதிலும், கணக்கில் ஒரு பதிலும் இருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பழைய கிணறு நாளைக்கு 100 பீப்பாய் திரவம் தருகிறது, அதில் 95 பீப்பாய் தண்ணீர், 5 பீப்பாய் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். பாக்டீரியா வைத்தியத்துக்குப் பிறகு தண்ணீர் 92 ஆகக் குறைந்தால், எண்ணெய் 8 பீப்பாய். 'உற்பத்தி 60 சதவீதம் உயர்வு' என்று தலைப்புச் செய்தி போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் உண்மையில் கூடியது 3 பீப்பாய், அதாவது 500 லிட்டருக்கும் குறைவு. சதவீதத்தை மட்டும் சொல்லி பீப்பாய்க் கணக்கைச் சொல்லாத அறிக்கைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

இன்னொரு சிக்கல், எதனால் கூடியது என்பது. கிணற்றைச் சில வாரங்கள் மூடி வைத்துத் திறந்தாலே, அழுத்தம் கூடி முதல் சில நாட்கள் எண்ணெய் கொஞ்சம் அதிகமாக வருவதுண்டு. கிணற்றின் அடியில் இருந்த அழுக்கும் மெழுகும் கரைந்ததாலும் உற்பத்தி கூடலாம். அதே நேரத்தில் பம்பை மாற்றியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். பாக்டீரியா பாறைக்குள் போய் புதிய எண்ணெயை விடுவித்ததா, இல்லை குழாய்த் துடைப்பாக மட்டும் வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அதனால்தான் நல்ல சோதனை என்றால் மூன்று விஷயங்கள் இருக்கணும் என்கிறார்கள். வைத்தியத்துக்கு முன் பல மாதங்களின் உற்பத்திச் சரிவைப் பதிவு செய்து, எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் இன்று எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிடணும். பக்கத்திலேயே வைத்தியம் செய்யாத கிணறுகள் ஒப்பீட்டுக்கு இருக்கணும். வெளிவரும் தண்ணீரில் பாக்டீரியாவும் அது சுரந்த பொருட்களும் இருக்கின்றனவா என்று பார்க்கணும். அலபாமா சோதனையில் இரண்டாவது இருந்தது, ஓக்லஹோமா சோதனையில் மூன்றாவது இருந்தது. எதுவுமே இல்லாமல் 'வெற்றி' என்று அறிவிக்கப்பட்டவை ஏராளம். உலகம் முழுக்க 400-க்கும் மேற்பட்ட களச் சோதனைகள் நடந்த பிறகும், பெரிய எண்ணெய் நிறுவனங்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சின்னக் கிணற்றுக்கு அந்த 3 பீப்பாய் சின்ன விஷயம் இல்லை. பம்ப், மின்சாரம், தண்ணீர் சுத்திகரிப்பு என்று எல்லாச் செலவும் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூடுதலாக வரும் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க லாபம். இன்று மூடலாமா, இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்டலாமா என்ற முடிவே அதை வைத்து மாறலாம். அந்தக் கிணற்றை நம்பியிருக்கும் வேலைகளும்தான்.

இதில் மொலாசஸ் விலையையும் பார்க்கணும். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலைகளுக்கு இது தலைவலியான கழிவு. இன்று பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மூலப்பொருள். 2024 ஜனவரியில் மத்திய அரசு இதன் ஏற்றுமதிக்கு 50 சதவீத வரி போடும் அளவுக்குத் தேவை கூடிவிட்டது. பாக்டீரியாவின் சாப்பாட்டுக்கு இப்போது எரிபொருள் ஆலைகளே போட்டி.

காவிரிப் படுகையில் என்ன நிலைமை?

தமிழ்நாட்டில் நரிமணம், கமலாபுரம், குத்தாலம், புவனகிரி என்று டெல்டாவில் ஓ.என்.ஜி.சி-யின் பழைய வயல்கள் இருக்கின்றன. எனவே 'இங்கேயும் வருமா' என்ற கேள்வி இயல்பானதுதான்.

2020-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கும் துளையிடுதலுக்கும் தடை போட்டது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகள் அந்தத் தடைக்குள் வரவில்லை. பாக்டீரியா முறைக்குப் புதிய கிணறு வேண்டாம், இருக்கும் கிணறே போதும். அதனால் இது தடைக்கு வெளியே என்று எண்ணெய் நிறுவனத் தரப்பு வாதிட இடம் உண்டு. பழைய கிணற்றின் ஆயுளை நீட்டுவதே சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று விவசாயிகள் தரப்பு சொல்லவும் இடம் உண்டு.

தொழில்நுட்ப ரீதியாக ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். இது பாறையை உடைக்கும் ஃபிராக்கிங் முறை இல்லை. பெரும் அழுத்தத்தில் தண்ணீரும் மணலும் ரசாயனமும் செலுத்தும் வேலை இதில் கிடையாது. பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் நோய் உண்டாக்காத வகைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். சூட்டுக்கும் காற்றில்லாத இடத்துக்கும் பழகிய வகைகள், மேலே வயல் மண்ணுக்கு வந்தால் செழிக்கவும் முடியாது.

டெல்டாக்காரர்களின் பயம் பாக்டீரியா பற்றியதும் இல்லை. 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது எழுந்த போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். கிணற்றின் ஆயுள் கூடினால் அதோடு சேர்த்து பழைய குழாய்களின் வேலை நாட்களும் கூடும், உப்புத் தண்ணீரை அப்புறப்படுத்தும் நாட்களும் கூடும். இந்த முறையை எங்கே கொண்டுவந்தாலும் முதலில் கேட்க வேண்டியது 'என்ன பாக்டீரியா' என்பதல்ல. 'குழாய்க்கு எத்தனை வயது, கடைசியாக எப்போது சோதித்தீர்கள்' என்பதுதான்.

அடுத்து என்ன?

எண்ணெயை வெளியே எடுப்பதற்குப் பதிலாக, பாறைக்குள்ளேயே அதை வாயுவாக மாற்றிவிட்டால் என்ன என்று ஒரு கூட்டம் விஞ்ஞானிகள் யோசிக்கிறார்கள். இயற்கை இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. கச்சா எண்ணெயை நுண்ணுயிரிகள் காற்றில்லாமலே சிதைத்து மீத்தேன் வாயுவாக மாற்றுவதை, 2008-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு விளக்கியது. இந்த வேலைக்குப் பல வகை உயிரிகளின் கூட்டணி தேவை என்றுதான் நெடுங்காலம் நம்பிவந்தார்கள்.

சீனாவின் ஷெங்லி எண்ணெய் வயலிலிருந்து எடுத்த மாதிரியில், மெத்தனோலிப்பேரம் என்ற ஆர்க்கியா வகை உயிரி, நீளமான எண்ணெய் மூலக்கூறுகளைத் தனியாகவே மீத்தேனாக மாற்றுவது சில ஆண்டுகளுக்கு முன் தெரியவந்தது. கெட்டியான, பம்ப் செய்யவே முடியாத எண்ணெய்க்கு இது ஒரு வழியாகலாம். வேகம்தான் பிரச்சினை. பூமிக்குள் இந்த மாற்றம் ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது. அதை ஒரு கிணற்றின் ஆயுளுக்குள் சுருக்க வேண்டும். கூடவே, 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் மீத்தேன், பழைய கிணறுகளின் விரிசல் வழியாகக் கசியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.